வித்தவுட்டில் வந்தவர்கள்: பவளத் தொட்டிக்குள் ஒளிந்திருப்பது யார்?

ராத்திரி பதினொரு மணிக்கு மேல் எனக்கு வாட்ஸ்அப்பில் படம் வந்தால், திறப்பதற்கு முன்பே விஷயம் தெரிந்துவிடும். நீல வெளிச்சத்தில் கலங்கலாக ஒரு கல், கல் இடுக்கில் ஏதோ ஒன்று, கீழே "அண்ணா, இது என்னது, கொன்னுடலாமா?" என்று கேள்வி. "என்னது" என்பதற்கு நான் பதில் தட்டிக்கொண்டிருக்கும்போதே பல பேர் "கொன்னுடலாமா"வை முடித்துவிட்டு வந்து நிற்பார்கள். அப்படிச் செத்ததில் பாதிக்கு மேல் தொட்டியைச் சுத்தம் செய்துகொண்டு தன் பாட்டுக்குக் கிடந்த ஜீவன்கள்.

என் கட்சி ரொம்ப எளிது. பவளத்தோடு ஒட்டிக்கொண்டு வித்தவுட்டில் வருபவர்களைத் தொட்டிக்கு வெளியே, பக்கெட்டிலேயே பிடித்துவிட வேண்டும். அதையும் தாண்டி உள்ளே போய்விட்டால், அது என்ன தின்கிறது என்று பார்க்காமல் கை வைக்கக் கூடாது.

முதலில் எப்படி வருகிறார்கள் என்று பார்ப்போம். வெளிநாட்டுக்காரர்கள் எழுதுவதைப் படித்தால் இந்தத் தொல்லை எல்லாம் லைவ் ராக்கில் வருவதாகத்தான் இருக்கும். கடலிலிருந்து நேராக எடுத்த கல், ஓட்டைக்கு ஓட்டை ஒரு குடித்தனம். நமக்கு அந்தக் கதை கிடையாது, இருக்கவும் கூடாது. கல் பவளங்கள் அத்தனையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் தேசியப் பூங்காவாக அறிவித்தது 1986இல். "ராமேஸ்வரம் கல்லு சார், ஒரிஜினல்" என்று யாராவது காதோடு சொன்னால் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். விலை பேசக்கூட நிற்காதீர்கள். பவளம் வாங்கும்போதும் எங்கிருந்து வந்தது, என்ன காகிதத்தோடு வந்தது என்று வாய் திறந்து கேளுங்கள், கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

ஆக, கொளத்தூரில் கடை கடையாக ஏறி இறங்கி உப்புத் தண்ணீர்த் தொட்டி வைக்கும் நம் ஆட்கள் காய்ந்த கல்லில்தான் ஆரம்பிக்கிறார்கள். காய்ந்த கல்லில் உயிர் எதுவும் கிடையாது. அப்புறம் எப்படி கொஞ்ச நாளிலேயே புழு, நண்டு, ஐப்டேசியா என்கிற கடல் சாமந்தி எல்லாம் வந்து உட்கார்ந்துகொள்கின்றன? ஃபிராக் என்று வெட்டி விற்கும் பவளத் துண்டு வழியாக. அந்தத் துண்டை ஒட்டியிருக்கும் சின்ன அடிக்கட்டை, ப்ளக் இருக்கிறதே, அதன் மேல்பக்கத்தைத்தான் நாம் எல்லோரும் பார்த்து மயங்கி வாங்குகிறோம். அடிப்பக்கத்தை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. முட்டை, குழாய்ப் புழு, சின்னக் கடல் சாமந்தி, பாசி, எல்லாம் அங்கேதான் இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் ஃபிராக்கைத் தொட்டித் தண்ணீர் நிரப்பிய ஒரு வெள்ளை டப்பாவில் போடுங்கள். காலி ஐஸ்கிரீம் டப்பா போதும், வெள்ளை என்பதுதான் முக்கியம், விழுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். கோரல் டிப் என்று விற்கும் மருந்தை அதன் லேபிளில் போட்டிருக்கும் அளவுக்கே கலந்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் பவளத்தின் இடுக்குகளில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால், அதுவரை பவளத்தின் நிறத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்த தட்டைப்புழுவும், ஓடில்லாத கடல் நத்தையான நுடிபிராங்க்கும் ஒவ்வொன்றாக உருண்டு கீழே விழும். முதல் தடவை பார்க்கிறவர்களுக்குச் சாப்பாடு இறங்காது. அப்புறம் வேறு டப்பாவில் நல்ல உப்புத் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் தொட்டிக்கு. டிப் போட்ட தண்ணீரில் ஒரு சொட்டுகூடத் தொட்டிக்குள் போகக் கூடாது.

டிப்புக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு உபயோகிக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டுக் குறிப்புகளில் வரும் அளவெல்லாம் 3% கரைசலை வைத்து எழுதியது. நம் மருந்துக் கடையில் கேட்டால் அநேகமாக 6% பாட்டிலைத்தான் எடுத்து நீட்டுவார்கள். லேபிளைப் பார்க்காமல் அங்கே எழுதியிருப்பதை இங்கே அப்படியே ஊற்றினால் இரண்டு பங்கு மருந்து, பவளம் வெந்துவிடும்.

டிப் முட்டையைக் கொல்லாது. இது பல பேருக்கு உறைப்பதில்லை. ஜோவாந்தஸ், மான்டிபோரா, அக்ரோபோரா எல்லாம் நாம் பவளம் என்று வளர்க்கும் வகைகள். ஜோவாந்தஸ் தின்னும் நுடிபிராங்க், மான்டிபோரா தின்னும் நுடிபிராங்க், அக்ரோபோரா தின்னும் தட்டைப்புழு, இந்த மூன்றுமே முட்டையைப் பவளத்தின் அடியிலோ செத்த பகுதியிலோ ஒட்டிவிட்டுப் போய்விடும். மருந்தில் முக்கினால் பெரியது சாகும், முட்டை சிரித்துக்கொண்டு இருக்கும், சில நாளில் பொரியும். அதனால்தான் சின்னத் தொட்டி ஒன்றில் தனியாக வைத்து, வாரம் ஒரு தடவை வீதம் நாலைந்து வாரம் திரும்பத் திரும்ப டிப் செய்யச் சொல்கிறார்கள். இந்தத் தனித் தொட்டிக்கு ஹீட்டர் வாங்க வேண்டாம், சென்னை வெயில் நமக்குச் செய்யும் ஒரே உபகாரம் அது. மே மாதத்தில் மட்டும் சின்னத் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைச் சுலபமாகத் தாண்டிவிடும், ஒரு குட்டி ஃபேனைத் தண்ணீர் மட்டத்துக்கு நேராகத் திருப்பி வையுங்கள்.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு, செலவும் அதிகம் கிடையாது. பவளத்தை அதன் ப்ளக்கிலிருந்து பெயர்த்தோ வெட்டியோ எடுத்து, புது ப்ளக்கில் ஒட்டிவிட்டு, பழையதைக் குப்பையில் போடுவது. உடனடிப் பசையில் ஜெல் வகை வாங்குங்கள், தண்ணியாக ஓடும் வகை உப்புத் தண்ணீரில் பட்டதும் வெள்ளையாகப் படலம் கட்டி உரிந்து வந்துவிடும். எனக்குத் தெரிந்து டிப்பை விடவும் அதிகம் காப்பாற்றியது இந்த ப்ளக் மாற்றும் வேலைதான். ஆனால் அழகாக அகலமாகப் பரந்து ப்ளக்கை மூடி வளர்ந்திருக்கும் பவளத்தை வெட்ட யாருக்கும் மனசு வருவதில்லை.

சரி, இத்தனையும் தாண்டி உள்ளே போய்விட்டது. இப்போது பார்க்க வேண்டும். தொட்டி விளக்கு அணைந்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து, டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிக்கொண்டு போங்கள். இவற்றில் முக்கால்வாசிக்குச் சிவப்பு வெளிச்சம் அவ்வளவாகத் தெரியாது, ஓடி ஒளியாது. பார்த்ததைப் படம் எடுப்பதானால் தயவுசெய்து வெள்ளை விளக்கைப் போட்டு எடுங்கள். நீல வெளிச்சத்தில் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு பழுப்பா சிவப்பா என்று ஜோசியம்தான் சொல்ல முடியும். கூடவே எவ்வளவு பெரிசு, எங்கே இருந்தது, என்ன செய்துகொண்டிருந்தது. மூன்றாவதுதான் முக்கியம். செத்த மீனின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் புழு அந்த மீனைக் கொன்றது என்று அர்த்தம் இல்லை, சாவுக்கு வந்தவனைக் கொலைகாரன் என்று பிடித்துக் கொடுக்கிற கதையாகிவிடும்.

அந்தப் பழியை அதிகம் சுமப்பது பிரிசில் புழு. இளஞ்சிவப்பும் பழுப்புமாக, இரண்டு பக்கமும் வெள்ளை முடிக்கற்றைகளோடு நெளிந்துகொண்டு வரும். மிச்ச உணவு, கழிவு, செத்தது, இதுதான் அதற்குச் சாப்பாடு. நீங்கள் அள்ளிக் கொட்டும் தீனியை மணலுக்கு அடியில் அழுகவிடாமல் பார்த்துக்கொள்ளும் ஆள். இணையத்தில் படிக்கும் பவளம் தின்னும் நெருப்புப் புழு, ஹெர்மோடிஸ் கருங்குலாட்டா, அட்லாண்டிக், கரீபியன், மத்தியதரைக் கடல் பக்கத்து ஆசாமி. இந்தோனேசியப் பக்கத்துப் பவளத்தோடு அது நம் ஊருக்கு வந்து இறங்கும் வாய்ப்பு குறைவு. பிரிசில் புழு பெருகிவிட்டதென்றால் தீனி அதிகம் போடுகிறீர்கள் என்று அர்த்தம், குறைத்தால் தானாகக் குறையும். வெறும் கையால் மட்டும் தொடாதீர்கள். அந்த முடி தோலில் ஏறினால் செல்லோ டேப்பை ஒட்டி உரித்தெடுங்கள், வினிகர் தடவினால் எரிச்சல் கொஞ்சம் அடங்கும்.

பயப்பட வேண்டிய புழு வேறு. தலையில் ஐந்து உணர்கொம்போடு, உடம்பு வானவில் மாதிரி மினுங்கிக்கொண்டு, சட்டென்று பின்வாங்கும் யூனிசிட் வகை. 2009இல் இங்கிலாந்தின் நியூகீ நகரத்து மீன் காட்சியகத்தில் மீன்கள் காணாமல் போய், பவளங்கள் வெட்டுப்பட்டுக் கிடந்து, கடைசியில் கல்லையெல்லாம் கலைத்துப் பார்த்தால் நான்கு அடி நீளத்துக்கு ஒன்று உள்ளே இருந்தது. அதுவும் சின்னதாக இருக்கும்போது எப்போதோ கல்லோடு வந்ததுதான்.

இனி ஐப்டேசியா. பழுப்பு நிறத்தில் கண்ணாடி போன்ற உடம்பு, மேலே மெல்லிய கொடுக்கிழைகள், பார்க்க அழகான குட்டிக் கடல் சாமந்தி. ஒன்று இருந்தால் பல பேர் ரசித்துக்கொண்டிருப்பார்கள். பவளத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் ஆய்வகங்களில் இதைத்தான் மாதிரி உயிராக வளர்க்கிறார்கள், காரணம் லேசில் சாகாது, வேகமாகப் பெருகும். அந்த இரண்டு குணமும்தான் நமக்கு வினை. பக்கத்துப் பவளத்தைக் கொட்டிக் கொட்டியே ஒதுக்கிவிடும். நகரும்போது பாதத்தின் துணுக்கை விட்டுவிட்டுப் போகும், துணுக்கு ஒவ்வொன்றும் ஒரு புது ஐப்டேசியா. அதனால் கத்தியால் சுரண்டுவது, விரலால் நசுக்குவது எல்லாம் விதைப்பு வேலை.

கால்சியம் ஹைட்ராக்சைடுதான் இதற்கு என் ஆயுதம். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் அடிப்படையில் அதேதான், ஆனால் டப்பாச் சுண்ணாம்பில் வாசனையும் இன்னும் என்னென்னவோ கலந்திருக்கும், அதைத் தொட்டிக்குள் விடாதீர்கள். பாரிமுனைப் பக்கம் கெமிக்கல் கடைகளில் சுத்தமான தூள் கிடைக்கும். ஆர்ஓ தண்ணீரில் கெட்டி மோர் பதத்துக்குக் கரைத்து, மழுங்கிய ஊசி மாட்டிய சிரிஞ்சில் எடுத்துக்கொள்ளுங்கள். கையுறை, கண்ணாடி கட்டாயம், கண்ணில் தெறித்தால் வெந்துவிடும். பம்புகளை எல்லாம் நிறுத்திவிட்டு, முதலில் ஐப்டேசியாவுக்கு மைசிஸ் என்கிற பொடி இறால் தீனி ஒரு துளி கொடுங்கள். வாயைத் திறந்து, கொடுக்கிழைகளை மடக்கி, சாப்பாட்டில் மும்முரமாகும். அந்த நேரத்தில் ஊசி முனையை மெதுவாக, நிழல் விழாமல், வாய்க்கு மேலே கொண்டுபோய்க் கலவையை இறக்கினால் அதையும் விழுங்கும். உடம்பு சுருங்கி உள்ளே போகும்போது மேலே இன்னும் கொஞ்சம் வைத்து மூடுங்கள். கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு பம்பைப் போடலாம். ஒரே நாளில் நாலைந்துக்கு மேல் வேண்டாம், சின்னத் தொட்டியில் பிஎச் எகிறிவிடும். ஆழமான ஓட்டைக்குள் இருப்பதற்கு மருந்து எட்டாது, ஓட்டை வாயைப் பசையால் அடைத்துவிடுவதுதான் வழி.

மருந்து வேண்டாம், தின்கிற ஆளை விடலாம் என்றால் பெப்பர்மின்ட் இறால் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால் அந்தப் பெயரில் ஒட்டக இறாலைக் கொடுத்துவிடுவது சகஜமாக நடக்கிறது. உடம்பில் சிவப்புக் கோடுகளுக்கு நடுவே வெள்ளைக் கோடும் புள்ளியும் இருந்து, முதுகு கூன் போட்டு, கண் பெரிதாகத் துருத்திக்கொண்டிருந்தால் அது ஒட்டகம். ஐப்டேசியாவைத் திரும்பிக்கூடப் பார்க்காது, ஜோவாந்தஸை மேயும். உண்மையான பெப்பர்மின்ட்டுக்கு வெள்ளையே இருக்காது. பெர்கியா என்ற நுடிபிராங்க் ஐப்டேசியாவைத் தவிர வேறு எதையும் தொடாது, தீர்ந்துபோனால் பட்டினியில் செத்துவிடும், பெப்பர்மின்ட் இறாலோடு சேர்த்து விட்டால் அதன் வாய்க்குள்ளேயே போகும். காப்பர்பேண்ட் பட்டர்ஃபிளை மீன் சாப்பிடலாம், சாப்பிடாமலும் போகலாம், சின்னத் தொட்டியில் அதை வைப்பது பாவம்.

அடுத்து சத்தம். வடபழனியில் இருக்கும் தம்பி ஒருவன் போன் செய்தான். "அண்ணா, லைட் ஆஃப் பண்ணா தொட்டிக்குள்ள டக்கு டக்குனு சத்தம், கண்ணாடி விரிசல் விடுதோன்னு பயமா இருக்கு." கண்ணாடிக்கு ஒன்றும் இல்லை. இரண்டு பேரில் ஒருவர்தான். பிஸ்டல் இறாலாக இருந்தால் சத்தம் மட்டும்தான், நஷ்டம் பெரிதாக இருக்காது. மான்டிஸ் இறாலாக இருந்தால் உடைந்த நத்தை ஓடுகள் ஒரு ஓட்டை வாசலில் குவிந்திருக்கும், நண்டு குறையும், மீனும் குறையலாம். "ஓடு ஏதாவது கிடக்குதாடா?" என்றேன். போய்ப் பார்த்துவிட்டு வந்தான், கிடந்தது. மயில் மான்டிஸ் என்கிற வகையின் குத்து நொடிக்கு 23 மீட்டர் வேகம் வரை அளந்திருக்கிறார்கள். ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்க்காதே என்று மட்டும் முதலில் சொன்னேன்.

ஓட்டை எந்தக் கல்லில் என்று தெரிந்துவிட்டால் அந்தக் கல்லோடு வெளியே பக்கெட்டுக்கு எடுத்து, ஓட்டைக்குள் சிரிஞ்சால் சோடாவைப் பீய்ச்சினால் மூச்சுத் திணறி வெளியே வரும். வெறும் சோடா, பன்னீர் சோடா அல்ல, இதைச் சொல்லாமல் விட்டால் செய்து பார்க்கவும் நம்மில் ஆட்கள் உண்டு. கல் பெரிது, அசைக்க முடியாது என்றால் தண்ணீர் பாட்டிலின் கழுத்துப் பகுதியை வெட்டித் தலைகீழாகச் செருகி, சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டில் வாங்கிய பச்சை இறால் துண்டு ஒன்றை உள்ளே போட்டு, ராத்திரி ஓட்டைக்குப் பக்கத்தில் வையுங்கள். இரண்டு நாள் கண்டுகொள்ளாமல் இருக்கும், பசி வந்தால் வரும்.

நண்டுக்கும் இதே மாதிரி பொறி, இன்னும் சுலபம். கண்ணாடி டம்ளரைக் கல்லின் மேல் சாய்த்து வைத்து டம்ளருக்குள் அடியில் இறால் துண்டு, இறங்கின நண்டு வழுக்கி வழுக்கி மேலே ஏற முடியாமல் காலையில் உட்கார்ந்திருக்கும். கண்ணாடிதான், வீட்டில் இருக்கிறதே என்று பித்தளை டம்ளரை இறக்கிவிடாதீர்கள், செம்பு கலந்தால் இறால், நத்தை, பவளம் எல்லாம் போய்விடும். எந்த நண்டைப் பிடிப்பது? உடம்பெல்லாம் முடி, கொடுக்கு முனை கறுப்பு என்றால் சந்தேகக் கேஸ். பொசிலோபோராவின் கிளைகளுக்குள்ளேயே குடியிருக்கும் வழவழப்பான குட்டி டிரபீசியா நண்டு என்றால் விட்டுவிடுங்கள், அது அந்தப் பவளத்தின் வாட்ச்மேன்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கல்லில் சின்னக் குழாய் நீட்டிக்கொண்டு சளி வலை வீசும் வெர்மெட்டிட் நத்தைக்குக் குழாயை உடைத்து வாயில் ஒரு சொட்டு பசை. வட்டப் பச்சைக் குமிழிப் பாசியை உடைக்காமல் அடியோடு பெயர்த்து, கூடவே குழாயால் உறிஞ்சி எடுக்க வேண்டும். கைகள் கோணல்மாணலாக இருக்கும் குட்டி ஆஸ்டெரினா நட்சத்திரங்களில் அநேகமும் பாசிதான் தின்னும். ஜோவாந்தஸ் மேல் உட்கார்ந்திருப்பதை மட்டும் பொறுக்கி எடுங்கள். துரு நிறத் தட்டைப்புழு கூட்டமாக இருந்தால் மருந்து போடுவதற்கு முன் முடிந்த மட்டும் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும், எல்லாம் ஒரே நேரத்தில் செத்தால் அவற்றிலிருந்து வெளியாகும் விஷமே மீனைக் கொன்றுவிடும். விஷத்தை உறிஞ்சும் ஆக்டிவேட்டட் கார்பனும் கையில் தயாராக இருக்கட்டும். பொடிப்பூச்சி மாதிரி இருக்கும் கோப்பிபாட், ஆம்ஃபிபாட், ஸ்டொமட்டெல்லா நத்தை, குட்டி பிரிட்டில் ஸ்டார், இவை எல்லாம் கிடைத்தால் கும்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் நான் கத்துவேன். தொல்லை தாங்கவில்லை என்று கல்லை எடுத்துக் கொதிக்கிற தண்ணீரில் போடும் வேலை. ஜோவாந்தஸ், பாலிதோவா இனங்கள் சிலவற்றில் இருக்கும் பாலிடாக்சின், உயிரிகளிடம் இருக்கும் விஷங்களில் மிகக் கொடியவற்றில் ஒன்று, கொதிக்க வைத்தால் ஆவியோடு வீடு பூராவும் பரவும். கொதிக்க வைக்காமலேகூட, 2018இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் ஒரு வீட்டில் தொட்டிக் கல்லை எடுத்துச் சுத்தம் செய்ததில் குடும்பமே மருத்துவமனைக்குப் போனது. சமையலறையும் ஹாலும் ஒன்றாக இருக்கிற நம் ஃபிளாட்டுகளில் கேட்கவே வேண்டாம். பிரஷ் போட்டுத் தேய்ப்பது, சுடுதண்ணீர், மைக்ரோவேவ், எதுவும் கூடாது. ஜோவாந்தஸைக் கையாளும்போது கையுறையும் கண்ணாடியும் போடுங்கள், கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்கு அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பிடித்ததை என்ன செய்வது என்று கடைசியில் எல்லோரும் கேட்பார்கள். எலியட்ஸ் பீச்சிலோ கோவளத்திலோ கொண்டுபோய் விடாதீர்கள். எங்கோ இந்தோனேசியாவிலிருந்து வந்த நண்டுக்கும் நம் வங்கக் கடலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அது என்ன நோயைச் சுமந்துகொண்டு போகிறது என்றும் யாருக்கும் தெரியாது. டாய்லெட்டில் ஊற்றுவதும் அதே தப்புதான். நண்டையும் ஆஸ்டெரினாவையும் சம்ப்பில், அதாவது தொட்டிக்குக் கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டியில், விட்டால் அங்கே அவற்றால் கெடுதல் இல்லை. அதற்கும் இடம் இல்லையென்றால் டப்பாவில் மூடி ஃப்ரீஸரில், முடிந்தால் வீட்டில் மற்றவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு. வடபழனித் தம்பியின் மான்டிஸ் இப்போது தனியாக ஒரு குட்டித் தொட்டியில் இருக்கிறது, அவன் அம்மா அதற்குத் தினமும் நத்தை வாங்கிவரச் சொல்லி அவனைத்தான் விரட்டுகிறார்.